நல்ல கிருமிக்கு ஒரு வாய்த் தண்ணீர்

என் வயிற்றைப் பற்றி சைட்டில் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேன்டீனில் ஒரு விதமாக, சிமென்ட் கொட்டகையில் இன்னொரு விதமாக. என் வயிறு, என் கதை. அதை நானே சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் நன்றாகச் சிரித்துக்கொள்ளட்டும். எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. இருந்த வெட்கம் முழுவதும் ஒரே நாளில் தீர்ந்துபோயிற்று.

நான் டவர் கிரேன் ஓட்டுகிறவள். கட்டுகிற கட்டடத்தைவிட உயரமாக ஒற்றைக்காலில் நிற்குமே, அதன் கழுத்துப் பக்கம் ஒரு கண்ணாடிக் கூண்டு தெரியும். அதற்குள் உட்கார்ந்திருப்பது நான்தான். அதனால் கீழே எல்லோருக்கும் நான் உச்சியக்கா. ஏணி வழியாக ஏறி அங்கே போய்ச் சேர்வதற்குள் தொடை இரண்டும் கெஞ்சும். காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவோம். மறுபடி ஏறினால் சாயங்காலம். நடுவில் இறங்குவது என்ற பேச்சே எங்கள் தொழிலில் இல்லை. கிரேன் நின்றால் மொத்த சைட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

ஆண்கள் ஒரு காலி பாட்டிலை வைத்துக்கொண்டு சமாளிப்பார்கள். பக்கத்துக் கிரேனை ஓட்டுகிறவருக்குப் பாட்டில்காரர் என்றே பெயர். நான் என்ன செய்வேன்? தண்ணீர் குடிக்க மாட்டேன். காலையில் வீட்டில் ஒரு கிளாஸ் டீ, மதியம் சோற்றோடு நாலு மடக்கு, அவ்வளவுதான். வருஷக்கணக்காக அப்படியே ஓட்டிவிட்டேன். "உச்சியக்கா ஒட்டகம்டா" என்று பையன்கள் சொல்வார்கள். நானும் பாராட்டு என்று நினைத்து இளித்துக்கொண்டிருந்தேன்.

கீழே பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. நல்ல கழிப்பறை, தண்ணீர் வசதி உண்டு, உள்ளே தாழ்ப்பாளும் உண்டு. ஆனால் வெளியே ஒரு பூட்டு. ஆண்கள் போய் அசிங்கம் செய்கிறார்கள் என்று சைட் மேனேஜர் பூட்டிவிட்டுச் சாவியைத் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். யாராவது பெரிய இடத்துப் பெண்கள் கட்டடம் பார்க்க வந்தால் மட்டும் அது திறக்கும். எங்களுக்கு வேண்டுமென்றால் அவர் அறைக்குப் போய், அவர் பேசி முடிக்கும்வரை நின்று, "எதுக்கு?" என்று அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். கழிப்பறைச் சாவி எதற்குக் கேட்பார்கள், சாமி மாடத்தில் வைத்துப் பூஜை செய்யவா? அந்தக் கேள்விக்கு பயந்தே பெண்கள் யாரும் போவதில்லை.

இந்த மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் தரை மகாராஜா. மனிதருக்கு உயரம் என்றால் ஆகாது. மூன்றாவது மாடிக்குப் போனாலே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அதட்டல் எல்லாம் தரையில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த உடம்பு எத்தனை நாள் பொறுக்கும்? நீர்க்கடுப்பில் ஆரம்பித்தது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். சாப்பிட்ட மறுநாளே வயிறு கட்டுக்கடங்காமல் போனது. கூண்டுக்குள் உட்கார முடியவில்லை. எரிச்சல் குறைந்துவிட்டதே என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாளில் அந்தக் கிருமி இன்னும் கொழுத்துத் திரும்பி வந்தது. இந்த முறை சிறுநீரகம்வரை ஏறிவிட்டது. குளிர்காய்ச்சல், விலாவில் குத்து, வாந்தி. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி போட்டு, காய்ச்சல் இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதிக்கு மாத்திரை.

அந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் வாய் என் வாய்.

"போன தடவை பாதியில நிறுத்தினதாலதான் இது. இந்தத் தடவை கடைசி மாத்திரை வரைக்கும் முடிக்கணும். இன்னொரு தடவை இப்படி ஏறுச்சுன்னா கிட்னி கெட்டுப்போகும், அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க" என்றார்.

"வயிறு போச்சுன்னா நான் எப்படிம்மா மேல உக்கார்றது?"

"அதுக்குத்தான் இந்தப் பாக்கெட். புரோபயாட்டிக். மாத்திரைக்கு நல்லது கெட்டது தெரியாது. வியாதிக் கிருமியோட சேர்த்து, குடல்ல இருக்கிற நல்ல கிருமியையும் அடிச்சிடும். அதான் வயிறு போகுது. இந்தத் தூள்ல நல்ல கிருமி உயிரோட இருக்கு. எல்லாருக்கும் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா நிறைய பேருக்கு வயித்துப்போக்கு வராம தடுக்குது. மாத்திரை மூணு வேளை. இது ரெண்டு வேளை, நடுவுல. மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். சூடில்லாத தண்ணியில கலக்கணும். புரியுதா?"

புரிந்தது. காது நன்றாகத்தான் கேட்கிறது. "தண்ணி நிறைய குடிக்கணும். வந்தா அடக்கக்கூடாது" என்று அவர் சொன்னதும் கேட்டது. ஆனால் காலை மாத்திரைக்கும் மதிய மாத்திரைக்கும் நடுவில் நான் இருப்பது வானத்தில். அங்கே தண்ணீர் குடிக்கிற வழக்கமே இல்லாதவளிடம் போய் நடுவேளை, பச்சைத் தண்ணீர் என்றால்?

வேலைக்குத் திரும்பிய அன்று தரை மகாராஜா என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. "உடம்பு முடியலைன்னா சொல்லிடு. வேற ஆள் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார். அந்த இருக்கையில் உட்கார நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொம்பளை கிரேன் ஓட்டுவாளா என்று எத்தனை பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்! அதை எவனோ ஒருவனுக்கு வயிற்றுப்போக்கின் பெயரால் தூக்கிக் கொடுப்பதா? செத்தாலும் முடியாது.

அதனால் என் மூளைக்கு எட்டிய ஒரு வழி செய்தேன். ஏறுவதற்கு முன்னால் வீட்டிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவது. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டேன், பாக்கெட்டைக் கிழித்துச் சுடச்சுட டீயில் கொட்டிக் கலக்கினேன், ஒரே மூச்சில் குடித்தேன். இரண்டும் உள்ளே போய்விட்டது, இனி அவை பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஏணியைப் பிடித்தேன்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது நாள், ஒரு கட்டுக் கம்பி கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அடிவயிற்றைப் பிடித்து யாரோ முறுக்கியது போல வந்தது. தலையில் வேர்த்துக் கொட்டியது. கையில் சுமை இருக்கும்போது எனக்கு வயிறும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கீழே சிக்னல் கொடுக்கும் பெண் வாக்கிடாக்கியில் சொல்லச் சொல்ல, கம்பியைப் பூப்போல இறக்கி வைத்தேன். கொக்கி விடுபட்டதும் கிரேனை நிறுத்திவிட்டு ஏணியில் இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நேரே மேனேஜர் அறைக்கு ஓடினேன். போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், சாவி."

அவர் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். பொறு என்று அர்த்தம்.

"சார், அவசரம் சார்!"

மறுபடியும் அதே விரல். நாற்காலியைத் திருப்பி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

நான் போய்ச் சேரவில்லை. அதுதான் நடந்தது. அவர் அறை வாசலிலேயே, நின்ற இடத்திலேயே. அந்தச் சிக்னல்காரப் பெண் என் பின்னாலேயே ஓடி வந்திருந்தாள். தன் துப்பட்டாவை அவிழ்த்து என் இடுப்பில் சுற்றினாள். நாலைந்து பேர் பார்த்தார்கள், பிறகு பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார்கள். மேனேஜர் போனை வைத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"உடம்பு சரியில்லைன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதானே? எதுக்கு வந்து உயிரை வாங்குற? நாளைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தேன். வாய்க்கு வாய் பதில் கொடுக்காமல் நான் திரும்பியது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். மறுபடியும் குளித்தேன். பிறகு மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பைக் கூடையில் வீசினேன். என் வீட்டுக்காரர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர், விடியுமுன் போய்ப் பகலில் வந்து தூங்குவார். சத்தம் கேட்டு எழுந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது, அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

அவர் கூடையிலிருந்து அட்டையை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் காலையில் குடித்த டீ கிளாஸ், அதன் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள், அருகில் கிழித்த பாக்கெட்.

"இதை எதுல கலக்கின?"

"டீயில."

"சூடா?"

"பின்னே, ஆறின டீயை யார் குடிப்பா?"

"மாத்திரையோட சேர்த்தா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. "அடிப்பாவி! பாக்கெட்ல என்ன எழுதியிருக்கு பாரு, உயிருள்ள கிருமின்னு. நான் ஈஸ்ட்டைக் கொதிக்கிற தண்ணில போட்டா மாவு எழும்புமா? கல்லு மாதிரி கெடக்கும். நீ நல்ல கிருமியைச் சூடு டீயில போட்டு அவிச்சு, தப்பிச்சது ஒண்ணு ரெண்டையும் மாத்திரைகிட்ட புடிச்சுக் குடுத்திருக்க. அது என்ன பண்ணும் பாவம்?"

"டாக்டர் சொன்னாங்கதான். நடுவுல, பச்சைத் தண்ணியிலன்னு."

"அப்புறம் ஏன் பண்ணல?"

"நடுவுல நான் எங்க இருக்கேன்? மேல தண்ணி குடிச்சா அப்புறம் இறங்கணும்ல?"

"இறங்கு."

அவர் அவ்வளவுதான் சொன்னார். பெரிய வார்த்தை ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை வருஷத்தில் அந்தச் சொல் என் மண்டையில் ஏறியதே இல்லை. இறங்கினால் என்ன? கட்டடம் ஓடியா போய்விடும்?

அவரே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். அங்கிருந்து வந்த திட்டு எனக்கும் கேட்டது. ரத்தம் போகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், மாத்திரையை நிறுத்த வேண்டாம், பாக்கெட்டைச் சொன்ன மாதிரி சாப்பிடட்டும், போன தண்ணீருக்கு ஈடாகத் தண்ணீர் குடிக்கட்டும், அப்படியும் நிற்காவிட்டால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். கடைசியில், "அவங்க வேலை செய்யற இடத்துல பாத்ரூம் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்று நான் எட்டிக் கத்தினேன். "பூட்டியிருக்கு!"

அன்று சாயங்காலம் ஒரு பாக்கெட்டைச் சொன்னபடி குடித்தேன். மறுநாள் வயிறு கொஞ்சம் அடங்கியிருந்தது. அன்றைக்குத் தளம் போடுகிற நாள். காங்கிரீட் லாரிகள் வரிசையாக வரும், நான் தொட்டி தொட்டியாக மேலே தூக்க வேண்டும். பாட்டில்காரரின் கிரேனுக்கு அந்த மூலை எட்டாது. அவசரத்துக்கு வேறு ஆளும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, லைசென்ஸ் வைத்திருக்கிறவன் என்ன தெருமுனையிலா நிற்கிறான்? தரை மகாராஜா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு ஏறு. ஆனா ஒண்ணு, தளம் முடியற வரைக்கும் இறங்கக்கூடாது."

"இறங்குவேன் சார். இப்பவே சொல்லிடறேன். ஒரு லாரி காலியாகி அடுத்தது வர்றதுக்குள்ள இறங்கி ஏறிடுவேன். அதுக்கேத்த மாதிரி லாரியை வரச்சொல்லுங்க. சாவியையும் எடுத்து வையுங்க."

"இறங்கினா திரும்ப ஏற வேண்டாம்."

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். என் பையில் ஒரு பாக்கெட் இருந்தது, பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. ஏணியில் அந்தப் பாட்டில் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. கிரேன் கூண்டுக்குள் நான் தண்ணீர் கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

காலை மாத்திரை போட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனதும், ஒரு தொட்டி நிரம்புகிற இடைவெளியில் பாக்கெட்டைக் கிழித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கினேன். லேசாகப் புளித்த வாசனை. "உள்ளே போங்க, இந்தத் தடவை உங்களை யாரும் அவிக்கல" என்று சொல்லிக் குடித்தேன். பிறகு மீதித் தண்ணீரையும் குடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, அண்ணாந்து மடக்கு மடக்காக. கீழே தரை மகாராஜாவின் மஞ்சள் ஹெல்மெட் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். அப்பப்பா, எத்தனை வருஷத்துத் தாகம் அது!

வரவேண்டியது வந்தது. வயிறு இல்லை, நீர்தான். முன்பென்றால் தொடையை இறுக்கிக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருப்பேன். லாரி காலியாகும்வரை பொறுத்தேன். கடைசித் தொட்டியைக் கொட்டி, காலித் தொட்டியைத் தரையில் வைத்து, வாக்கிடாக்கியை எடுத்தேன். அதில் பேசினால் மொத்த சைட்டும் கேட்கும். நன்றாகக் கேட்கட்டும் என்று நிறுத்தி நிதானமாகப் பேசினேன்.

"எல்லாரும் கேளுங்க. கிரேன் நிக்குது. ரிப்பேர் ஒண்ணும் இல்ல. ஆபரேட்டருக்கு ஒண்ணுக்கு வருது. இறங்கிப் போயிட்டு வர்றேன். பொம்பளைங்க பாத்ரூம் சாவி மேனேஜர் சார்கிட்ட இருக்கு. நான் கீழ வர்றதுக்குள்ள அது கதவுகிட்ட வந்துடணும்."

வாக்கிடாக்கி கரகரத்தது. பிறகு பாட்டில்காரரின் குரல், தயங்கித் தயங்கி: "உச்சியக்கா... எனக்கும் ரொம்ப நாளா நீர்க்கடுப்புதான். நானும் இறங்குறேன்." யாரோ விசில் அடித்தார்கள்.

நான் இறங்கி வந்தபோது கழிப்பறை வாசலில் ஒரு கூட்டமே நின்றது. கம்பி கட்டுகிற பெண்கள், தளம் போடுகிற ஆட்கள், லாரி டிரைவர்கூட ஒருவர். நடுவில் தரை மகாராஜா, முகம் சிவந்து, சாவியைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் சிக்னல்காரப் பெண், கையில் கம்பி வெட்டுகிற பெரிய கட்டர்.

"என்ன நாடகம் இது? மைக்ல சொல்ற விஷயமா?" என்று அவர் பல்லைக் கடித்தார்.

"நேத்து மெதுவாத்தான் சார் சொன்னேன். விரலைக் காட்டினீங்க."

"அடுத்த லாரி கேட்டுக்கு வந்துடுச்சு. முதல்ல மேல ஏறு. தளத்தை முடிச்சிட்டு வந்து சாவியை வாங்கிக்க."

நான் அவர் கையைப் பார்த்தேன். பூட்டைப் பார்த்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"வெட்டு."

"சரிக்கா" என்றாள். ஒரே கடி. பூட்டு டங்கென்று கீழே விழுந்தது.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அவசரப்படவில்லை. முகம் கழுவினேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வெளியே வந்தபோது கதவுக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கீழே கிடந்த பூட்டை எடுத்து இடுப்புப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தேன். திரும்ப ஏற வேண்டாம் என்று சொன்ன மனிதர் ஒதுங்கி வழிவிட்டார். லாரி வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

கூண்டில் போய் உட்கார்ந்ததும் வாக்கிடாக்கி கத்தியது.

"அந்தப் பூட்டு கம்பெனி சொத்து! கொண்டு வந்து குடு!"

"மேல இருக்கு சார்" என்றேன். "ஏறி வந்து எடுத்துக்கோங்க."

மொத்த சைட்டும் சிரித்தது. அத்தனை உயரத்துக்குக் கேட்டது.

என்னை வேலையை விட்டுத் தூக்கப் பார்த்தார்தான். காரணம் என்னவென்று மேலிடத்தில் சொல்வார்? கழிப்பறைக்குப் போனாள் என்றா? அன்றைய தளம் நேரத்துக்கு முடிந்தது, ஒரு தொட்டிகூட வீணாகவில்லை. வாயை மூடிக்கொண்டார். ஆனால் வீம்பு விடவில்லை, புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். நாங்கள் அதையும் வெட்டினோம். இன்னும் தடியாக ஒன்று வாங்கினார். அதற்குக் கட்டர் கொஞ்சம் திணறியது, அவ்வளவுதான்.

மாத்திரையைக் கடைசிவரை முடித்தேன். பாக்கெட்டையும் நடுவேளை தவறாமல், பச்சைத் தண்ணீரில். வயிறு இரண்டொரு நாள் முரண்டு பிடித்தது, பிறகு ஒழுங்காக இருந்தது. பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தபோது டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பாக்கெட் காப்பாத்துச்சா, தண்ணி காப்பாத்துச்சா, அடிச்சுச் சொல்ல முடியாது. முடிச்சீங்களே, அது போதும்."

எது காப்பாற்றியது என்று எனக்குத் தெரியும். கூண்டுக்குள் என் தலைக்கு மேல் ஒரு கம்பியில் மூன்று பூட்டுகள் தொங்குகின்றன. நாலாவதை அவர் வாங்கவில்லை. காற்று பலமாக அடிக்கும்போது மூன்றும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். அப்போதெல்லாம் நான் பாட்டிலைத் திறந்து, கீழே நடக்கும் அந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே, வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறேன்.